செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னேன்

"அவர் என்னிலை ஒருநாளும் கை வைக்கேல்லை, தங்கச்சி. அதை எழுதாதேங்கோ."

தட்டச்சு இயந்திரத்தில் நான் பாதி அடித்திருந்த வரியின் மேல் விரலை வைத்து ரீச்சர் தன் கணவரைப் பற்றி அப்படிச் சொன்னதுதான் எனக்கு முதலில் நினைவு வருகிறது. ஊசி குத்திக் குத்தித் தடித்துப் போன விரல் நுனி. "எதிராளி மனுதாரரை அடித்துத் துன்புறுத்தியும்" என்பதுவரை அடித்திருந்தேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த வரி இருந்தால் விவாகரத்துக் கெதியாய்க் கிடைக்கும் என்று முன்னைய மனுக்களிலிருந்து நானாகக் கற்றுக்கொண்டது. அவருக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அவரோ தாளை இயந்திரத்திலிருந்து தானே சுழற்றி எடுத்து, மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "முதலிலை இருந்து அடியுங்கோ, நான் இருக்கிறன்" என்றார்.

முஸ்லிம்கள் இருந்த சோனகத் தெருப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவர் அவர். எல்லோருக்கும் தையல் ரீச்சர். எனக்கும் கடைசிவரை ரீச்சர்தான்.

நான் கொக்குவிலில் இருந்தேன். தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்து, யாழ்ப்பாணம் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டையும் ஊரடங்குமாக நீதிமன்றம் கூடாத நாட்களே அதிகமாகிவிட்ட காலம் அது. அந்த அலுவலகத்துக்கு ஒருநாள் காதியார் வந்தார். முஸ்லிம்களின் கலியாணம், விவாகரத்து, மனைவி பிள்ளைகளின் தாபரிப்புச் செலவு ஆகியவற்றை விசாரிக்க நியமிக்கப்பட்டிருந்தவர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். சனிக்கிழமைகளில் தன் வீட்டு விறாந்தையில் வழக்குக் கேட்பார். சட்டத்தரணிகள் அங்கே தோன்றிப் பேச முடியாது. அவரவர் வழக்கை அவரவரே சொல்ல வேண்டும். "ஆம்பிளையள் வந்து நல்லாய்க் கதைக்கினம், பிள்ளை. பொம்பிளையள் வந்து சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். நானும் ஆம்பிளை, என்னோடை இருந்து கேக்கிற மூண்டு பேரும் ஆம்பிளையள். ஆரிட்டைச் சொல்லுறது? நீங்கள் சனிக்கிழமையளிலை வந்து அவையின்ரை கதையைக் கேட்டு எழுதித் தந்தால் பெரிய உதவி" என்றார். நான் சைவப் பிள்ளை, உங்கள் சட்டம் எனக்குத் தெரியாதே என்றேன். "சட்டம் எனக்குத் தெரியும். நீங்கள் அவை சொல்லுறதை எழுதினால் காணும்" என்றார்.

அப்படித்தான் விறாந்தைக்கு உள்பக்கம், திரைச்சீலை போட்ட சின்ன அறையில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. கணவன் சொல்லும் தலாக்கும், மனைவி காரணம் காட்டிக் கேட்கும் பஸஹும் வேறு வேறு என்பதையும், பிரிந்த பெண் காத்திருக்கும் இத்தாக் காலத்தையும் அந்த மேசையில்தான் அறிந்தேன். கலியாணம் ஆகாத இருபத்தாறு வயதில் நான் கேட்டிருக்க வேண்டாத கதைகளையும் கேட்டேன். சிலர் அழுதார்கள். சிலர் தங்களுக்கு நடந்ததை அடுத்த வீட்டுக்காரிக்கு நடந்ததுபோலச் சொன்னார்கள். ரீச்சர் இந்த இரண்டிலும் சேரவில்லை. பாடத் திட்டத்தை வாசிப்பதுபோல ஒழுங்காகச் சொன்னார்.

அவருடைய கணவர் கொழும்பில் புடைவைக் கடை ஒன்றில் வேலை செய்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு சில வருடம் யாழ்ப்பாணத்திலேயே இருந்தார். மகளுக்கு மூன்று வயதானபோது திரும்பப் போனார். முதலில் மாதத்துக்கு ஒரு கடிதம், பிறகு நோன்புக்கும் பெருநாளுக்கும் மட்டும், பிறகு அதுவும் இல்லை. அங்கே இன்னொரு கலியாணம் செய்திருந்தார். அதைப் பற்றிக்கூட ரீச்சர் கசப்பாகச் சொல்லவில்லை. "அதுக்கு அவருக்கு இடமிருக்கு. ஆனா எங்களை விட்டிட்டுப் போறதுக்கு இடமில்லை" என்றார். நாலு வருடம் கழித்துத் திடீரென்று ஒரு கடிதம் வந்தது. தன் தாய் தனியே இருக்கிறார், மகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய் அவரோடு விடப் போகிறேன் என்று. அந்தக் கடிதம்தான் ரீச்சரைக் காதியாரின் வாசலுக்குக் கொண்டுவந்தது. விவாகரத்தைவிட, மகள் தன்னோடு இருப்பாள் என்ற எழுத்துத்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

காதியார் நல்லவர். ஆனால் பிரித்துவைக்க மனம் வராதவர். "சேக்கிறதுக்குத்தான் நாங்கள் இருக்கிறம், பிரிக்கிறதுக்கு என்ன அவசரம்" என்று ஒவ்வொரு தவணையும் தள்ளிப் போடுவார். பதினொரு சனிக்கிழமை ரீச்சர் வந்து போனார். அடித்தார் என்று ஒரு சொல் இருந்திருந்தால் இத்தனை தவணை வேண்டியிருக்காது என்று காதியாரோடு இருந்து கேட்ட பெரியவர் ஒருவரே என்னிடம் சொன்னார். நானும் ஒருநாள் ரீச்சரிடம் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "அந்தத் தாளை என்ரை மகள் ஒருநாள் வாசிப்பாள், தங்கச்சி. வாப்பா அடிச்சவர் எண்டு அவள் ஏன் நினைக்க வேணும்?" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில், பாதை திறந்திருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில், கணவர் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் ஒரே சாயல். விறாந்தை வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மகளுக்கு ஏழு வயது முடிந்திருந்தது. இந்த வயதில் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்று காதியார் அவளைக் கூப்பிட்டு, தன் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பயப்படாமல் சொல் என்றார். உம்மாவோடு இருக்க விருப்பமா, வாப்பாவோடு போக விருப்பமா? பிள்ளை வாங்கில் இருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு காதியாரின் காதுக்குள் கேட்க நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"இதிலை வாப்பா ஆர்?"

கணவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கொஞ்ச நேரத்தில் கணவரே எழுந்து, "பிள்ளை தாயோடையே இருக்கட்டும், நான் மறிக்கேல்லை" என்றார். காதியார் விவாகரத்துக்கு உத்தரவு சொன்னார். பிள்ளை பெரியவளாகி மணமுடிக்கும்வரை தாயோடு இருப்பாள், தகப்பன் வந்து பார்க்கலாம், அவளை ஊரைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று இருவரையும் ஒப்பவைத்துச் சொன்னார். எல்லாவற்றையும் நான் சுருக்கெழுத்தில் எழுதினேன். மேன்முறையீட்டுத் தவணை முடிந்ததும் அதைத் தட்டச்சில் அடித்துக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவது வழக்கம்.

ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. கோட்டையைச் சுற்றிக் குண்டு விழுந்தது. பட்டினத்துச் சனம் கிராமங்களுக்கு ஓடியது. ரீச்சரும் மகளோடு எங்கெங்கோ இருந்துவிட்டு, கோட்டைச் சண்டை ஓய்ந்த பிறகு தெருவுக்குத் திரும்பி வந்தார். காதியாரும் வந்தார். ஐப்பசியில் நானும் இரண்டு சனிக்கிழமை போனேன். தேங்கிக் கிடந்தவற்றை ஒழுங்காக அடித்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது சனிக்கிழமை ரீச்சர் வந்தார். முகம் மெலிந்திருந்தது.

"தென்மராட்சியிலை இருந்த எங்கடை ஆக்களை இயக்கக்காரர் அனுப்பிப் போட்டினமாம், தங்கச்சி. எங்களையும் போகச் சொல்லுவினம் எண்டு கதைக்கினம். போனா, போற இடத்திலை அவர் இருக்கிறார். என்ரை தாளை முதலிலை அடிச்சுத் தாங்கோ."

காதியார் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் படலம். கையெழுத்து வைக்க மட்டும்தான் தாளில் குனிவார். "பிள்ளையின்ரை கோழி கிளறின எழுத்தைப் பிள்ளைதான் வாசிக்க வேணும். வாற சனி முதல் வேலை அதுதான். அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும்" என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே அடித்திருக்கலாம். எனக்கு முன்னால் வேறு இருவர் நின்றார்கள், வானத்தில் விமானச் சத்தம் கேட்டது, நான் கெதியாய் வீட்டுக்குப் போக விரும்பினேன். வாற சனி என்று நானும் சொன்னேன். ஏன் அவசரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

அந்தக் கிழமை அண்ணை என்னைக் கூப்பிட்டு இருத்தி வைத்துக் கதைத்தார். "உந்தத் தெருவுக்கு இனிப் போகாதை. ஆர் வாறது போறது எண்டு பாத்துக்கொண்டிருக்கினம். உன்னாலை எங்களுக்கும் கரைச்சல் வரும்." ரீச்சரின் தாளைப் பற்றிச் சொல்லியிருந்தால் அண்ணை ஒருவேளை தானே என்னைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டிருப்பார். அப்படிப்பட்டவர்தான். நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அண்ணை சொன்னது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. எனக்கும் பயமாக இருந்தது, அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலையில், பட்டினத்தில் கடை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், எனக்குக் காய்ச்சல், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று காதியாரிடம் சொல்லிவிடச் சொன்னேன். எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சுகமாகத் தோய்ந்து, தலை உலர்த்தி, மச்சாளோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் முழுக்க மனம் அரித்தது. செவ்வாய் காலையில் அண்ணை வேலைக்குப் போனதும் சுருக்கெழுத்துக் கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வெளிக்கிட்டேன். தெருவை அண்மிக்கும்போதே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை. சந்தியில் துவக்கோடு இயக்கப் பொடியன்கள் நின்று மறித்தார்கள். அவர்களுக்கு அப்பால் சனம் தெரு நிறைய நடந்துகொண்டிருந்தது. கையில் ஒரு பையோடு ஆண்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள், கதிரையில் வைத்துத் தூக்கிவரப்பட்ட ஒரு நோயாளி. மைதானத்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

ரீச்சரைக் கண்டேன். மகளின் கையைப் பிடித்திருந்தார். அவரும் என்னைக் கண்டார். கண்டு நின்றார். பின்னால் வந்த சனம் அவரை முட்டி விலகிப் போனது, அவர் நகரவில்லை. பொடியன்களில் ஒருவன் என்னிடம் மரியாதையாகவே கேட்டான்:

"அக்கா, உங்களுக்கு இஞ்சை என்ன அலுவல்?"

இந்தப் பெண்ணுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும், காதியார் வீடு அந்த மூன்றாவது கதவு, அரை மணித்தியாலம் விடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டிருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"ஒண்டுமில்லை தம்பி, சும்மா வந்தனான்."

சைக்கிளைத் திருப்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலைக்குள் தெரு வெறுமையாகிவிட்டது. போகிறவர்களின் நகைகளும், சிலரிடம் கையிலிருந்த பத்திரங்களும்கூடப் பறிக்கப்பட்டன என்று கதை வந்தது. எங்கள் ஊரில் அதைப் பற்றி மெல்லிய குரலில் கதைத்தார்கள், பிறகு கதைக்காமல் விட்டார்கள். நானும் விட்டேன். மனம் அரிக்கும்போதெல்லாம் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்: எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தத் தாளைப் பறித்துத்தான் இருப்பார்கள். ஐந்து வருடம் கழித்து, அதே ஐப்பசி மாதம், மழையில், சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, நான் முதலில் எடுத்தது எங்கள் பத்திரங்கள் இருந்த பையைத்தான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், என் கலியாணப் பதிவு. எங்கள் பையை வழியில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நசுங்கிக்கொண்டு நின்றபோது ரீச்சர் அசையாமல் நின்ற நிலை நினைவுக்கு வந்தது. சுருக்கெழுத்துக் கொப்பி கொக்குவில் வீட்டில்தான் கிடந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகூட இல்லை.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு, புத்தளத்தில் அகதிகளாய் இருந்த அந்தத் தெருச் சனம் வீடு பார்க்க பஸ்களில் வந்து போகத் தொடங்கியது. கேள்விப்பட்டு மூன்று நாள் போய்த் தேடினேன். மூன்றாம் நாள் ரீச்சரைக் கண்டேன். கூரை இல்லாத தன் வீட்டின் நடு அறையில், சுவரைத் துளைத்து வளர்ந்த ஆலங்கன்றுக்குப் பக்கத்தில் நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வாசல் படியில் இருவரும் இருந்தோம். கொண்டு வந்த போத்தலிலிருந்து எனக்குத் தேத்தண்ணீர் வார்த்துத் தந்தார்.

மகள் எங்கே என்று கேட்டேன். முன்போலவே ஒழுங்காகச் சொன்னார். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த முதல் வருடம் பிள்ளைக்குக் காய்ச்சல் மாறி மாறி வந்திருக்கிறது. தகப்பன் வந்தார். கொட்டிலில் பிள்ளை வளர்க்க முடியாது என்று கூட்டிக்கொண்டு போனார். பொலிஸுக்குப் போனபோது தாளைக் காட்டச் சொன்னார்கள். அங்கிருந்த காதி, யாழ்ப்பாணத்துப் பதிவு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது, முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார். ரீச்சர் எங்கள் காதியாரை வேறொரு முகாமில் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கினார். அதற்குள் காதியாருக்குப் பார்வை முற்றாகப் போயிருந்தது. எல்லாம் முடிய நாலு வருடம். அப்போது மகளைக் கூப்பிட்டு மறுபடி கேட்டார்கள். வாப்பும்மாவோடு, அதாவது தகப்பனின் தாயோடு, இருக்கிறேன் என்றாளாம்.

"அவளிலை பிழையில்லை. பழகிப் போச்சு. இப்ப அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கு. பெருநாளைக்கு வந்து பாத்திட்டுப் போறவள்."

"தாள் இருந்திருந்தாலும் வழியிலை பறிச்சிருப்பினமே, ரீச்சர்" என்றேன். இவ்வளவு வருடமும் என்னைக் காப்பாற்றிய நியாயம். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"பிறப்புப் பத்திரத்தை மகளின்ரை பாவாடை விளிம்புக்குள்ளை வைச்சுத் தைச்சனான். அது தப்பி வந்திட்டுது. மற்றத் தாளுக்கும் இடம் விட்டுத்தான் தைச்சனான்."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். இதற்கு மேலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ரீச்சர், அந்தச் சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பாக்க வந்தனான். காய்ச்சல் எண்டினம், கஷ்டப்படுறியளோ எண்டு கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கொண்டு கொக்குவிலுக்கு வந்தன். படலையடியிலை நிண்டு பாத்தன். நீங்கள் கிணத்தடியிலை தோய்ஞ்சுகொண்டு நிண்டனீங்கள். சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு."

"ஏன் கூப்பிடேல்லை?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டிருந்தா நீங்கள் எனக்கு முன்னாலை நிண்டு ஒரு பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதைக் கேக்க எனக்கு விருப்பமில்லை. திரும்பிப் போட்டன்." போத்தலின் மூடியை இறுக்கி மூடினார். "அதுதான் நான் விட்ட பிழை, தங்கச்சி. ரோசத்தைப் பாத்திட்டன். பிள்ளைக்காகவேனும் ஒருக்காக் கூப்பிட்டிருக்க வேணும். கூப்பிட்டிருந்தா வந்து எழுதித் தந்திருப்பியள்தானே?"

ஓம், வந்திருப்பேன். படலையடியில் அவரைக் கண்டிருந்தால், உலராத தலையோடு அப்படியே சைக்கிள் எடுத்திருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைச் சொன்னால் அவருடைய பிழையென்று ஆகிவிடும் என்பதும் தெரியும். ஏச்சு வாங்கவும், மன்னிப்புக் கேட்கவும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அவர் பன்னிரண்டு வருடமாகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"இல்லை ரீச்சர், பிழை என்ரை" என்றேன். மூன்று தரம் சொன்னேன். அவர் ஒவ்வொரு தரமும் பொறுமையாகக் கேட்டார். ஒரு தரமும் ஓம் என்று சொல்லவில்லை.